நனவிலிப் பார்வை: ‘குருட்டுப் பார்வை’ ஆய்வு வரலாற்றில் நோயாளியின் சொல்லும் செயலும்

ஆய்வுச்சுருக்கம்

மூளையின் முதன்மைப் பார்வைப் புறணி சிதைந்தவர்கள் பார்வைப் புலத்தின் ஒரு பகுதியில் எதுவும் தெரியவில்லை என்கின்றனர். ஆயினும், ஊகித்துச் சொல்லும்படி வற்புறுத்தினால் அப்பகுதியிலுள்ள ஒளியின் இடத்தையும் கோட்டின் சாய்வையும் பெரும்பாலும் சரியாகக் கூறுகின்றனர். 1974இல் ‘குருட்டுப் பார்வை’ எனப் பெயர்பெற்ற இந்நிலை, நனவின்றியும் பார்வைச் செயற்பாடு நிகழும் என்பதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்படுகிறது. இக்கருத்தாக்கத்தின் வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, அதன் திருப்புமுனைகள் நோயாளியிடமும் விலங்கிடமும் கேட்கப்பட்ட கேள்வியின் மாற்றத்தால் விளைந்தவை என நிறுவ முற்படுகிறது. நோயாளியின் கூற்றுக்கும் செயலுக்கும் இடையிலான முரணில் எதைச் சான்றாகக் கொள்வது என்னும் வினா இன்றுவரை தீராமலிருப்பதையும் அது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குருட்டுப் பார்வை, நனவு, நனவிலி, பார்வைப் புறணி, வைஸ்க்ராண்ட்ஸ், ரிடாக், அறிவியல் வரலாறு

முன்னுரை

ஒரு பொருளைப் பார்ப்பதும், அதைப் பார்க்கிறோம் என அறிவதும் ஒன்றே என்பது பொதுவான எண்ணம். கண் மருத்துவத்தின் அன்றாடச் சோதனைகளும் இவ்வெண்ணத்தின் மீதே அமைந்தவை. பார்வைப் புலத்தை அளக்கும் மருத்துவர் ஒளிப்புள்ளியைக் காட்டித் ‘தெரிகிறதா’ எனக் கேட்கிறார். நோயாளி ‘தெரியவில்லை’ என்றால் அவ்விடம் குருடாகக் குறிக்கப்படுகிறது. நோயாளியின் சொல்லே இங்கு அளவுகோல்.

அச்சொல்லும் நோயாளியின் செயலும் வேறுபட்ட தருணங்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். 1974இல் ஆங்கிலத்தில் உருவான கலைச்சொல் ‘குருடு’, ‘பார்வை’ என்னும் இரு முரண்பட்ட சொற்களை ஒட்டவைத்தது. அம்முரண் மறையாதிருக்கவே இங்குக் ‘குருட்டுப் பார்வை’ என்னும் தொடர் ஆளப்படுகிறது. தமிழில் இத்தொடருக்கு மற்றொரு பொருத்தமும் உண்டு. ‘குருட்டாம்போக்கு’ என்னும் வழக்கில் ‘குருட்டு’ என்பது தெரியாமல் தற்செயலாகச் செய்வதைக் குறிக்கிறது. சரியான விடையைத் தொடர்ந்து கூறிய பின்னரும், குருட்டாம்போக்கில் சொன்னேன் என்பதே இந்நோயாளிகளின் விளக்கமாக இருந்துள்ளது.

புறணியும் பார்வையும்: 19ஆம் நூற்றாண்டுப் பின்புலம்

மூளையின் எப்பகுதி பார்வைக்குரியது என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடும் விவாதத்திற்குள்ளானது. டேவிட் ஃபெரியர் அதனைப் பக்கமடலின் ஒரு மடிப்பில் வைத்தார். ஜெர்மானிய உடலியலாளர் ஹெர்மன் முங்க், நாய்களிலும் குரங்குகளிலும் செய்த அறுவைகளைக் கொண்டு அது பிடரிமடலில் உள்ளதென வாதிட்டார். 1881இல் நூலாகத் தொகுக்கப்பட்ட உரைகளில் அவர் இருவகைக் குருட்டை வேறுபடுத்தினார். புறணியின் ஒரு பகுதியை மட்டும் இழந்த நாய் தடைகளை விலக்கி நடந்தாலும் உணவையோ உரிமையாளரையோ இனங்காணவில்லை. இதனை அவர் ‘உளக்குருடு’ என்றார். பார்வைப் புறணி முழுவதையும் இழந்தால் விளைவது முழுக் குருடு என்பது அவர் முடிவு.

இம்முடிவை அனைவரும் ஏற்கவில்லை. பெருமூளை நீக்கப்பட்ட நாயை ஆராய்ந்து 1892இல் எழுதிய ஃப்ரீட்ரிக் கோல்ட்ஸ், அந்நாய் கூசும் ஒளிக்குக் கண்களை மூடியதைக் குறிப்பிட்டார். ஆயினும், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் சாலமன் ஹென்ஷன் போன்றோர் மனிதரில் பிடரிமடலின் கால்கரைன் பிளவைச் சுற்றிய பகுதியே பார்வையின் இருப்பிடம் எனக் காட்டியபின் முங்கின் கருத்து வலுப்பெற்றது. இடம் உறுதியானதும், அவ்விடம் அழிந்தால் பார்வையும் முற்றாக அழியும் என்பது தனியே நிறுவப்படாமலேயே உடன் ஏற்கப்பட்டது.

போர்க்களக் காயங்களும் ரிடாக்–ஹோம்ஸ் முரணும்

மனிதரில் இதனைச் சோதிக்கும் வாய்ப்பைப் போர் அளித்தது. 1904–05ஆம் ஆண்டுகளின் ரஷ்ய–ஜப்பானியப் போரில் பயன்பட்ட புதிய துப்பாக்கிகளின் சிறிய, வேகமிக்க குண்டுகள் மண்டையோட்டைத் துளைத்து வெளியேறின. அடிபட்டோரில் பலர் பிழைத்தனர். ஜப்பானியக் கண் மருத்துவர் தாட்சுஜி இனோயே, குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து அதன் பாதையைக் கணித்து, ஒவ்வொரு வீரரும் இழந்த பார்வைப் புலத்துடன் ஒப்பிட்டார். 1909இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல், விழித்திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் புறணியில் உரிய இடம் உண்டென வரைபடமாகக் காட்டியது. முதல் உலகப் போரில் கார்டன் ஹோம்ஸும் வில்லியம் லிஸ்டரும் 1916இல் இத்தகைய வரைபடத்தை மேலும் விரிவாக வெளியிட்டனர்.

இவ்வரைபடத்தின் வெற்றியே ஒரு தடையாகவும் அமைந்தது. புலத்தில் ஓர் இடம், புறணியில் ஓர் இடம், அவ்விடம் சிதைந்தால் முழு இருள் என்பது அதன் தருக்கம். 1917இல் ஜார்ஜ் ரிடாக் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறான செய்தியைத் தந்தது. பிடரிமடலில் காயமுற்ற வீரர் சிலர், குருடான புலத்தில் நிலையான பொருள் எதையும் காணவில்லை. ஆனால் பொருள் அசைந்தால் அவ்வசைவை உணர்ந்தனர். அசைந்ததற்கு வடிவம் இல்லை, தெளிவான நிறமும் இல்லை, நிழல்போன்ற சாம்பல் மட்டுமே எனக் கூறினர். தம் நோயாளிகளிடம் இத்தகைய பிரிவினையைக் காணவில்லை எனக் கூறி ஹோம்ஸ் 1918இல் இதனை மறுத்தார். அவரது புலமைச் செல்வாக்கால் ரிடாக்கின் கண்டறிவு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்தள்ளப்பட்டது.

ரிடாக்கைக் குருட்டுப் பார்வையின் முதல் கண்டறிவாளராகக் காட்டும் வழக்கம் பின்னாளில் உருவாயிற்று. அது திருத்தத்திற்குரியது. அவருடைய நோயாளிகள் அசைவைத் தாம் உணர்ந்ததாகவே கூறினர். அவர்களின் சொல்லுக்கும் செயலுக்கும் முரண் இல்லை. ரிடாக் கேட்ட கேள்வியும் ஹோம்ஸ் கேட்டதே: ‘தெரிகிறதா?’ வேறுபட்டது காட்டப்பட்ட பொருள் மட்டுமே. ஒருவர் அசையும் பொருளையும் சேர்த்துக் காட்டி, கிடைத்த விடையைப் பொருட்படுத்தினார். மற்றவர் அதற்கு இடமளிக்கவில்லை. 1998இல் செமிர் ஸெக்கியும் டொமினிக் ஃபிச்சேயும் நனவுடன் கூடிய இந்நிலைக்கு ‘ரிடாக் நோய்க்குறித்தொகுதி’ எனத் தனிப்பெயர் இட்டது இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது.

விலங்காய்வு: குளூவர் முதல் ஹெலன் வரை

விலங்குகளிடம் ‘தெரிகிறதா’ எனக் கேட்க இயலாது. உணவுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மட்டுமே அவற்றைப் பழக்க முடியும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹைன்ரிச் குளூவர், முதன்மைப் பார்வைப் புறணி நீக்கப்பட்ட குரங்குகளை ஆராய்ந்து 1940களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். அக்குரங்குகள் வடிவங்களை வேறுபடுத்தவில்லை. கண்ணில் விழும் மொத்த ஒளியளவின் வேறுபாட்டுக்கு மட்டும் துலங்கின. குரங்கிடம் எஞ்சுவது இவ்வளவே என்பது அடுத்த இருபது ஆண்டுகளின் கருத்து.

இதனை மாற்றியது ஹெலன் என்னும் ஒற்றைக் குரங்கு. 1965இல் கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் வைஸ்க்ராண்ட்ஸின் ஆய்வகத்தில் அதன் முதன்மைப் பார்வைப் புறணி ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக ஹெலன் குருடாகவே நடந்துகொண்டது. அப்போது ஆய்வு மாணவராக இருந்த நிக்கோலஸ் ஹம்ஃப்ரி, வகுத்தமைத்த சோதனைகளுக்கு வெளியே அக்குரங்குடன் அமர்ந்து விளையாடத் தொடங்கினார். கையசைவை அது கண்ணால் பின்தொடர்வதையும், நீட்டிய பழத்தை எட்டிப் பிடிக்க முயல்வதையும் கவனித்தார். 1967இல் முதல் அறிக்கை வந்தது. ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் ஹெலன் தடைகள் நிறைந்த அறையில் மோதாமல் ஓடியது. தரையில் கிடந்த சிறு உணவுத்துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தது. ஆயினும் எடுக்கும் பொருள் இன்னது எனப் பார்வையால் இனங்காணும் திறன் அதற்கு மீளவில்லை.

பரிசோதனைக்காக ஓர் உயிரின் புறணியை நீக்கியதன் அறம் இன்று கடுமையான வினாக்களுக்குரியது. ஹெலனின் மீட்சி கூண்டுக்கு வெளியே, மனிதத் துணையுடன் நிகழ்ந்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதி. கூண்டுக்குள் நடந்த சோதனைகள் மட்டும் தொடர்ந்திருந்தால் அதன் திறன் வெளிப்படாமலே போயிருக்கக்கூடும்.

இக்கண்டறிவு ஒரு புதிரை எழுப்பியது. மனிதனுக்கும் குரங்குக்கும் பார்வை மண்டலம் பெரிதும் ஒத்தது. விழித்திரையிலிருந்து செல்லும் நரம்பிழைகளில் பெரும்பங்கு தாலமஸ் வழியாக முதன்மைப் பார்வைப் புறணியை அடைகிறது. எஞ்சியவை நடுமூளையின் மேற்குன்றுக்கும் பிற கருக்களுக்கும் செல்கின்றன. இவ்வழிகள் மனிதனிலும் உள்ளன. அவ்வாறாயின் புறணி இழந்த குரங்கு பார்க்க, மனிதன் மட்டும் முழுக் குருடாவது ஏன்? பரிணாமத்தில் மனிதப் பார்வை முற்றிலும் புறணிக்கு மாறிவிட்டது என்பது வழக்கமான விடை. விடை இனத்தில் இல்லை, கேள்வியில் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் 1970களில்தான் வலுப்பெற்றது. குரங்கிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மனிதனிடம் தெரிகிறதா எனக் கேட்டார்கள்.

கேள்வியின் மாற்றம்: 1973–74

1973இல் எர்ன்ஸ்ட் பொப்பல், ரிச்சர்ட் ஹெல்ட், டக்ளஸ் ஃப்ராஸ்ட் ஆகியோர் மூளைக் காயமுற்ற நால்வரிடம் புதிய வகையில் வினவினர். குருடான புலத்தில் ஒளி மின்னும்போது, தெரியாவிட்டாலும் அது தோன்றியிருக்கக்கூடிய இடத்திற்குக் கண்ணைத் திருப்பும்படி கூறினர். கண் திரும்பிய தொலைவு ஒளியின் இடத்துடன் ஓரளவு ஒத்துச்சென்றது. ஒப்புமை வலுக்குறைந்ததாயினும் கேள்வி மாறிவிட்டது.

அதே காலத்தில் லண்டனில் டி.பி. என்னும் முதலெழுத்துகளால் அறியப்படும் நோயாளி மீதான ஆய்வு தொடங்கியது. இளமை முதலே கடுந்தலைவலியால் வருந்திய அவருக்கு வலப் பிடரிமடலிலிருந்த இரத்தக்குழாய்ப் பிறழ்வு 1973இல் அறுவையால் நீக்கப்பட்டது. இதனால் அவருடைய இடப்பார்வைப் புலம் குருடானது. அப்பக்கத்தில் நீட்டப்பட்ட கையை அவர் சரியாக எட்டுவதைக் கண் மருத்துவர் மைக்கேல் சாண்டர்ஸ் கவனித்தார். வைஸ்க்ராண்ட்ஸ், எலிசபெத் வாரிங்டன், சாண்டர்ஸ், ஜான் மார்ஷல் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை இவரைப் பற்றியது. மின்னும் ஒளியின் இடத்தை டி.பி. விரலால் சுட்டினார்; நெடுக்குக் கோட்டையும் கிடைக்கோட்டையும் வேறுபடுத்தினார்; இரண்டு எழுத்து வடிவங்களில் எது காட்டப்பட்டது எனவும் கூறினார். முடிவுகளை அறிந்தபோது அவர் வியப்புற்றார். எதையும் பார்க்கவில்லை, ஊகித்தேன் என்றார். ‘குருட்டுப் பார்வை’ என்னும் சொல் அதே ஆண்டில் அச்சேறியது.

இந்த ஆய்வின் புதுமை கருவியில் இல்லை. ஒளிப்புள்ளியும் கோடும் ஹோம்ஸிடமும் இருந்தன. நோயாளி ‘இல்லை’ என்றபின் சோதனையை நிறுத்தாமல், ‘இருந்தால் எங்கே இருக்கும்?’ எனத் தொடர்ந்து கேட்டதே புதுமை. தமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி விடையளிக்கும்படி ஒரு நோயாளியை வற்புறுத்துவது மருத்துவ மரபுக்கு மாறானது. விலங்காய்வாளராக இருந்த வைஸ்க்ராண்ட்ஸுக்கு அது இயல்பாக வந்தது எனக் கருத இடமுண்டு.

ஐயங்களும் மறுமொழிகளும்

1983இல் கேம்பியன், லாட்டோ, ஸ்மித் ஆகியோர் இக்கண்டறிவின் மீது மூன்று ஐயங்களை முன்வைத்தனர். முதலாவது, குருடான புலத்தில் விழும் ஒளி கண்ணுக்குள் சிதறி, நலமான புலத்தைத் தொட்டிருக்கலாம். இரண்டாவது, புறணியின் சிறு பகுதி அழியாமல் எஞ்சியிருக்கலாம். மூன்றாவது, நோயாளிகள் உண்மையில் மங்கலாகப் பார்க்கின்றனர். உறுதியின்மையால் ‘இல்லை’ என்கின்றனர்.

முதல் ஐயத்திற்கு டி.பி.யின் கண்ணே விடையளித்தது. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் விழித்திரையில் ஒளியுணர் செல்கள் இல்லை. அவ்விடத்தில் விழுந்த ஒளியை டி.பி. ஊகிக்கவும் இயலவில்லை, அதற்கு அடுத்த, மூளைக் காயத்தால் குருடான இடத்தில் விழுந்த அதே ஒளியை ஊகித்தார். சிதறிய ஒளியே காரணமெனில் இரண்டிடத்தும் ஒரே விளைவு தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது ஐயத்திற்கு ஓரளவு ஆதரவு கிட்டியது. 1992இல் ஃபெண்ட்ரிச், வெஸ்ஸிங்கர், கஸானிகா ஆகியோர், தாம் ஆராய்ந்த நோயாளியின் திறன் புலத்தின் ஒரு சிறு தீவில் மட்டும் இருப்பதைக் காட்டி, எஞ்சிய புறணியே அதற்குக் காரணமாகலாம் என்றனர். எனினும், புறணி முழுமையாக நீக்கப்பட்ட குரங்குகளுக்கு இவ்விளக்கம் பொருந்தாது.

மூன்றாவது ஐயமே ஆழமானது. உணர்திறனும், ‘ஆம்’ என்று சொல்லத் தேவைப்படும் உறுதியின் அளவும் வெவ்வேறு என்பது குறிப்பறிதல் கோட்பாட்டின் அடிப்படை. இருவர் ஒரே அளவு பார்த்தும், எச்சரிக்கை மிக்கவர் ‘இல்லை’ எனலாம். 1997இல் பால் அஸோபார்டியும் ஆலன் கௌயியும் ஜி.ஒய். என்னும் நோயாளியிடம் இதனைச் சோதித்தனர். சிறுவயதில் சாலை விபத்தால் இடப்பக்கப் பார்வைப் புறணியை இழந்தவர் அவர். ‘ஆம்/இல்லை’ வகை வினாவிலும் கட்டாயத் தேர்விலும் அவருடைய உணர்திறன் வேறுபட்டது. மங்கிய ஒளியைப் பார்க்கும் இயல்பானவர்களிடம் அவ்வகை வேறுபாடு இல்லை. ஆகவே குருட்டுப் பார்வை வெறும் தயக்கம் அன்று என அவர்கள் வாதிட்டனர்.

குரங்கின் ‘இல்லை’

இவ்விவாதத்திற்கிடையே ஒரு தலைகீழ் மாற்றமும் நிகழ்ந்தது. மனிதனிடம் குரங்கின் கேள்வி கேட்கப்பட்டது போல, குரங்கிடம் மனிதனின் கேள்வியைக் கேட்க முடியுமா? 1995இல் கௌயியும் பெட்ரா ஸ்டோரிகும் இதற்கு வழி கண்டனர். ஒருபக்கப் புறணி நீக்கப்பட்ட குரங்குகள், குருடான புலத்தில் தோன்றிய ஒளியின் இடத்தை மிகச் சரியாகத் தொட்டன. பின்னர் வேறொரு சோதனையில், ஒளி தோன்றாதபோது தொடவேண்டிய தனிச்சட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. முன்பு பிழையின்றித் தொட்ட அதே ஒளிக்கு, இப்போது குரங்குகள் பெரும்பாலும் ‘ஒளி இல்லை’ என்னும் சட்டத்தையே தொட்டன. மனிதனுக்கும் குரங்குக்கும் இடையே இருந்ததாகக் கருதப்பட்ட வேறுபாடு, கேள்விகளின் வேறுபாடே என்னும் கருத்து இதனால் பெரிதும் உறுதிப்பட்டது.

சொல்லை அளத்தல்

நோயாளியின் ‘இல்லை’ எத்தகையது என்பதே அண்மை விவாதத்தின் மையம். 2007இல் பெர்சாட், மெக்லியாட், கௌயி ஆகியோர் ஜி.ஒய்.யிடம் ஒவ்வொரு விடைக்கும் பணயம் வைக்கச் சொன்னார்கள். விடை பெரும்பாலும் சரியாக இருந்தும், அதற்கேற்ப அவர் மிகுதியான பணயம் வைக்கவில்லை; அதாவது, தம் அறிவைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்த அவரால் இயலவில்லை. மறுபுறம், 2008இல் மோர்டன் ஓவர்கார்டும் உடன் ஆய்வாளர்களும் மற்றொரு நோயாளியிடம் ‘ஆம்/இல்லை’ என்பதற்கு மாற்றாக நான்கு படிநிலைகள் கொண்ட அளவுகோலைக் கொடுத்தனர். இரண்டே விடைகள் இருந்தபோது தோன்றிய குருட்டுப் பார்வை, படிநிலைகளைப் பயன்படுத்தியபோது மறைந்தது. மங்கலாக உணர்ந்ததாகக் கூறிய இடங்களிலேயே விடை மிகுதியும் சரியாக இருந்தது. இயன் ஃபிலிப்ஸ் 2021இல் இவ்வாதத்தை விரிவாக்கி, குருட்டுப் பார்வை என்பது நனவிலிப் பார்வை அன்று, தன்மையில் சிதைந்த நனவுப் பார்வையே என்றார். மத்தியாஸ் மிஷெலும் ஹாக்வான் லாவும் அதே ஆண்டில் இதனை மறுத்தனர்.

இங்கு இருதரப்பும் நோயாளியின் சொல்லையே சார்ந்திருப்பது நோக்கத்தக்கது. ஒருதரப்பு ‘பார்க்கவில்லை’ என்பதை முழுமையாக ஏற்கிறது. மறுதரப்பு, ‘ஏதோ ஓர் உணர்வு’ என அவரே வேறு தருணத்தில் கூறியதை முதன்மைப்படுத்துகிறது. அசைவு வேகமாகவும் ஒளி வலுவாகவும் இருந்தபோது ஏதோ நிகழ்ந்ததை உணர்ந்ததாக டி.பி.யும் ஜி.ஒய்.யும் கூறியதுண்டு, வைஸ்க்ராண்ட்ஸே இதற்காகக் குருட்டுப் பார்வையை இரு வகைகளாகப் பிரித்தார். அவ்வுணர்வைப் ‘பார்த்தல்’ எனலாமா என்பதைச் சோதனையால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. பார்த்தல் என்பதன் வரையறையும் அதில் அடங்கியுள்ளது.

நனவின் பங்கு

2008இல் பெயாட்ரிஸ் டி கெல்டரும் உடன் ஆய்வாளர்களும் டி.என். என்னும் மருத்துவரைப் பற்றி எழுதினர். அடுத்தடுத்து நேர்ந்த இரு பக்கவாதங்களால் இருபக்கப் பார்வைப் புறணியையும் இழந்து முழுக் குருடானவர் அவர். கைத்தடியின்றி, பொருள்கள் பரப்பிய நடைவழியில் ஒன்றிலும் மோதாமல் நடந்தார். தாம் எதையும் விலக்கி நடந்ததை அவர் அறியவில்லை.

இச்சான்று நனவு தேவையற்றது எனக் காட்டுவதாகச் சிலர் கொள்வர். வரலாறு முழுமையும் நோக்கின் வேறு முடிவே பொருத்தமாகிறது. டி.பி. தம் திறனைக் கேட்டால் வெளிப்படுத்தினார். கேட்காதபோது அதனை நம்பிச் செயல்படவில்லை. ஜி.ஒய்.க்கு விடை தெரிந்தும் பணயம் வைக்கத் தெரியவில்லை. ஹெலன் ஏழாண்டுகள் பழகியும் பொருளை இனங்காணவில்லை. எஞ்சிய வழிகள் இடத்தையும் அசைவையும் உடலுக்கு உணர்த்துகின்றன. அவ்வறிவைத் தனதெனக் கொண்டு நம்பவும், நினைவில் வைத்துத் திட்டமிடவும், பிறரிடம் சான்றுரைக்கவும் இயலாமற்போவதே நனவு நீங்கியதன் விளைவாகத் தெரிகிறது.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. 2006இல் அராஷ் சாராயியும் 2009இல் கிறிஸ்டல் ஹக்ஸ்லினும் தத்தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வுகள், குருடான புலத்தில் தொடர்பயிற்சி அளித்தால் உணர்திறன் கூடுவதைக் காட்டின. ‘தெரியவில்லை’ என்ற விடையுடன் சோதனை முடிந்திருந்தால் இப்பயிற்சி எண்ணப்பட்டே இராது.

முடிவுரை

குருட்டுப் பார்வையின் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. ஹோம்ஸின் காலத்தில் நோயாளியின் சொல் மட்டும் சான்றாயிற்று. அதனால் எஞ்சிய பார்வை மறைந்திருந்தது. 1974க்குப் பின் செயல் சான்றாயிற்று. அதனால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளியே கண்டறிவாயிற்று. இன்றைய கட்டத்தில் சொல்லே மீண்டும் நுணுக்கமாக வினவப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் கேட்கத் தவறிய கேள்வியிலிருந்து பிறந்துள்ளது. நனவைப் பற்றிய ஆய்வில், நோயாளியின் சொல்லை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் அதனை ஒதுக்கிவிடுவதும் ஒருசேரப் பிழையாகும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். ‘தெரியவில்லை’ என்பவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டதில்தான் இத்துறையின் முன்னேற்றம் தொடங்கியது.